ராம்சேயின் கட்சியில் இருந்தோம்

செல்வராகவனின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ 2016இல் எடுத்த படம். கடன், கோர்ட்டு, தடை என்று வருஷக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்து 2021 மார்ச் 5ஆம் தேதி ஒருவழியாக வெளியே வந்தது. காடாம்புலியூர்க்காரர்களுக்குப் படம் பார்க்கப் பண்ருட்டிக்கோ கடலூருக்கோ போவது ஒரு விஷயமே இல்லை. ஆனாலும் நாங்கள் போகவில்லை.

கொரோனா என்று காரணம் சொல்லலாம், சொல்லிக்கொண்டும் திரிந்தோம். ஆனால் அதே வருஷம் பொங்கலுக்கு ‘மாஸ்டர்’ வந்தபோது, பாதி சீட்டுக்குத்தான் அனுமதி என்றிருந்த நாளிலும், யார் யாரையோ பிடித்து டிக்கெட் வாங்கினோம். ஏப்ரலில் ‘கர்ணன்’ பார்த்தோம். கொரோனா செல்வராகவன் படத்தை மட்டும்தான் பிடித்திருந்தது போல.

பிறகு ஓடிடியில் வந்ததும் நண்பன் வீட்டு ஹாலில் கூடினோம். முந்திரி வியாபாரம் பார்ப்பவன், நெய்வேலியில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவன், ஒரு வாத்தியார், டீக்கடை பெஞ்சிலேயே சினிமா பேசி வயதான மற்றவர்கள். பேய்ப் படத்தைக் கூட்டமாகப் பார்ப்பதற்கென்றே எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பயம் வரும் என்று தெரிந்தால் அது வருவதற்குள் எவனாவது ஜோக்கடித்துவிடுவான். கதவு தானாகத் திறந்தால், “வாம்மா, சாப்டியா?” என்போம். டைரக்டர் ரெண்டு நிமிஷம் சேர்த்துவைத்த அமைதி அதோடு காலி. ‘யாவரும் நலம்’, ‘ஈரம்’ இரண்டையும் 2009இல் இப்படித்தான் கத்தித் தீர்த்தோம். ‘ஈரம்’ படத்தில் பேய்க்கு முகம் கிடையாது, தண்ணீர்தான் பேய். அந்த யோசனையின் அழகு வாத்தியார் தனியாகப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

‘நெஞ்சம் மறப்பதில்லை’யில் நடந்தது அதைவிட மோசம்.

வழக்கமான தமிழ்ப் பேய்ப் படத்தின் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு வீடு, அதில் குடிவரும் ஆட்கள், நடுவில் காமெடி, இடைவேளைக்குப் பிறகு ஒரு ஃப்ளாஷ்பேக். செத்தது யார், கொன்றது யார் என்று அப்போதுதான் தெரியும். அடுத்தது பழி. செல்வராகவன் இந்த வரிசையைக் கலைத்துப் போட்டார். கொலைகாரன் ராம்சேதான் படமே. எஸ்.ஜே.சூர்யா அந்தப் பணக்காரனை அத்தனை கொண்டாட்டமாகச் செய்திருக்கிறார். கான்வென்ட்டில் வளர்ந்த மரியம் (ரெஜினா), குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டுக்கு வருகிறாள். அவன் குழைவது, பொய் சொல்வது, நெருங்குவது எல்லாவற்றையும் நாம் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறோம். கொலையும் நம் கண்முன்னால்தான். வேலையாட்களும் அதற்கு உடந்தை. பேய் வரும்போது கொலைகாரனோடு சேர்ந்து நாமும் பயப்பட வேண்டும். இப்படி ஒரு இடத்தில் எந்தத் தமிழ்ப் பேய்ப் படமும் எங்களை உட்கார வைத்ததில்லை.

நாங்களும் வசதியாக உட்கார்ந்துகொண்டோம். மரியம் பயந்து ஒதுங்கும் காட்சிகளில் சிரித்தோம். சூர்யா குரலை ஏற்றி இறக்கும்போதெல்லாம் ரிமோட்டை அழுத்திப் பின்னால் போய் மறுபடி பார்த்தோம். நண்பனின் மனைவி டீ டம்ளரோடு வந்து வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தாராம், அப்புறம் உள்ளே போய்விட்டாராம். ஒருத்தன்தான் அதைப் பார்த்திருக்கிறான். அவனும் வெகுநாள் கழித்துத்தான் சொன்னான். அந்த வாரத்திலேயே ராம்சே ஆடும் பாட்டு ரெண்டு பேருக்கு ரிங்டோன் ஆகியிருந்தது. மரியம் பேயாக வந்த பிறகோ, “என்னாடா கிராஃபிக்ஸ் இது, கார்ட்டூன் மாதிரி இருக்கு?” என்று ஆரம்பித்தவர்கள் கடைசிவரை நிறுத்தவில்லை.

இதில் படத்துக்கும் பங்குண்டு. மரியத்தைச் சாமிப் படம் மாதிரி வரைந்துவிட்டார்கள். அவளுக்கென்று ஒரு கோபம், ஒரு சின்ன ஆசை, எதுவும் இல்லை. செத்த பிறகு பழிவாங்கும் எந்திரமாகிவிடுகிறாள். பிற்பாதி சாவுகள் ஒரே அச்சில் வார்த்தவை. டைரக்டருக்கே ராம்சே மேல் கொஞ்சம் கூடுதலாகவே ஆசை. அந்த ஆசையில்தான் நாங்களும் வழுக்கி விழுந்தோம். ஆனால் விழுந்தவர்கள் நாங்கள்தானே.

மரியம் வேலைக்கு வரும் வீடு எங்களுக்குத் தெரியாத வீடும் இல்லை. முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகைகளில் தோலின் எண்ணெய் பட்டுக் கை வெந்துபோன பெண்கள் இந்தப் பக்கத்து ஊர் ஒவ்வொன்றிலும் இருக்கிறார்கள். அந்த வேலை வேண்டாமென்று வீட்டு வேலைக்கு மெட்ராஸ் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே என்ன பட்டார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. அதே 2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ வந்தது. 1993இல் நம் மாவட்டத்தில், கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்டுச் செத்த முதனை ராஜாக்கண்ணுவின் வழக்கு. அதே ஹாலில் உட்கார்ந்து அழுதோம், ஸ்டேட்டஸ் வைத்தோம். எந்தப் பக்கம் நிற்பது என்று டைரக்டர் கையைப் பிடித்துக் காட்டிய படத்தில் சரியாக நின்றுவிட்டோம். காட்டாமல் விட்ட படத்தில் நேராகப் போய் ராம்சேயோடு சேர்ந்துகொண்டோம்.

எங்கள் அப்பா காலத்துக் கதையும் ஏறக்குறைய இதுதான். வீணை எஸ். பாலசந்தர் ‘நடு இரவில்’ எடுத்தார். தனித்த பங்களா, கூடிய சொந்தக்காரர்கள், ஒவ்வொருவராகச் சாவு. கரு அகதா கிறிஸ்டியிடம் வாங்கியதுதான், ஆனாலும் தமிழுக்கு அது புது ஆட்டம். எடுத்த படம் வாங்க ஆளில்லாமல் கிடந்து 1970இல்தான் தியேட்டருக்கு வந்தது. அதற்குப் பதினாறு வருஷம் முன்பே, 1954இல், பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ படத்தை இயக்கித் தோல்வி கண்டவரும் அவர்தான். பாட்டில்லை என்று அன்றைக்கு எங்கள் அப்பாக்கள் முகத்தைத் திருப்பினார்கள். ‘நெஞ்சம் மறப்பதில்லை’க்கு நாங்கள் லாஜிக் இல்லை என்றோம்.

லாஜிக்! 2024இல் ‘அரண்மனை 4’ வந்தபோது வேன் பிடித்துக் குடும்பத்தோடு போனோம். திரும்பி வரும் வழியில் யாரும் லாஜிக் கேட்கவில்லை. ஏற்கெனவே மூன்று தடவை பார்த்த கதைக்கு எதற்கு லாஜிக்? புதிதாக ஒன்றைச் செய்ய வருகிறவனிடம் மட்டும் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறோம். பழகிய கதைக்குத் தரும் சலுகையில் கால்வாசியைச் செல்வராகவனுக்குத் தந்திருந்தால் மரியத்தின் முகத்தையாவது பார்த்திருப்போம்.

இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்றதும் கூட்டத்தில் பாதிப் பேர் சரி என்றார்கள். ரிங்டோன்காரர்கள் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட மாட்டோம் என்றுவிட்டார்கள். “சிரிச்சது தப்புதான், ஆனா படம் மொக்க. அதையும் எழுது” என்கிறார்கள். கிராஃபிக்ஸ் விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி.