புள்ளி செய்த குற்றம்

"ஏதோ தவறு நேர்ந்துவிட்டது; மீண்டும் முயலவும்" என்ற வாசகத்தை எழுதிய புண்ணியவான் யாரோ, அவரைத் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் உச்சி வெயிலில் நிறுத்தி, "ஏதோ ஓர் ஊருக்குப் போகிற பஸ் ஏதோ ஒரு நேரத்தில் வரும்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை.

காரணம் உண்டு. புரட்டாசிக் கடைசியில் என் பெரியப்பாவுக்குத் துணையாக அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தேன். அவருக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம். மழை வந்தால் மக்காச்சோளம். வராவிட்டால் சீமைக் கருவேலம். விளைச்சலை வாங்கும் ஒரு கம்பெனி, தன் இணையத் தளத்தில் பெயர் பதிந்தவர்களுக்கே விதையும் முன்பணமும் என்று சொல்லியிருந்தது. அன்றுதான் கடைசித் தேதி.

கம்ப்யூட்டர் கடைத் தம்பி எட்டுத் தடவை அனுப்பிப் பார்த்தான். எட்டுத் தடவையும் மேற்படி வாசகம்தான்.

"தவறுங்குதே, யாரு தவறாம்?" என்றார் பெரியப்பா.

"அதைச் சொல்லலையே, அய்யா."

"நம்ம தவறுன்னா திருத்திக்கிடலாம். அவுக தவறுன்னா வீட்டுக்குப் போகலாம். எதுன்னு தெரியாம இங்கனயே உக்காந்திருக்கணுமா?"

மூன்றாம் வகுப்போடு நின்றவர் கேட்ட இந்தக் கேள்விக்கு இணையத்தின் சட்டதிட்டங்களில் விடை எப்போதோ எழுதியாகிவிட்டது. சர்வர் அனுப்பும் பதிலின் தலையில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4 என்று தொடங்கினால் கேட்டவர் பக்கம் பிழை. 5 என்று தொடங்கினால் சர்வர் பக்கம் பிழை. 'நீ அனுப்பியது புரிகிறது, உள்ளே எழுதியிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை' என்பதற்கு 422 என்று தனி எண்ணே உண்டு. தம்பி திரைக்குப் பின்னால் திறந்து பார்த்தான். வந்திருந்தது 500. அதாவது, 'என் வீட்டில் தீப்பிடித்துவிட்டது' என்கிற எண். தீயுமில்லை, புகையுமில்லை. விண்ணப்பத்தில் எதுவோ அதற்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல வாய் வராமல் இந்தப் பொய்!

தம்பி விடாக்கண்டன். ஒவ்வொரு கட்டமாக மாற்றிப் பார்த்தான். பெயர்க் கட்டத்தில் விளையாட்டாக 'ரமணர்' என்று போட்டான், மறுத்தது. கடைசி எழுத்தை அழித்து 'ரமண' என்றான்; அடுத்த பக்கத்துக்கு வழி விட்டது! 1879-இல் திருச்சுழியில் பிறந்த அந்த மகான், பெற்றோர் வைத்த வேங்கடராமன் என்ற பெயரோடு வந்திருந்தால் வாசலிலேயே நின்றிருப்பார்.

சூட்சுமம் இதுதான். 'பெயரில் எழுத்துகள் மட்டுமே வரலாம்' என்று யாரோ விதி செய்திருக்கிறார். யூனிகோடு அட்டவணையில் அகரமும் ககரமும் எழுத்துகள். காலும் கொம்பும் புள்ளியும் 'குறிகள்' என்ற வேறு இனம். 'குறிகளும் வரலாம்' என்று விதியில் சேர்க்க மறந்துபோனார். தொல்காப்பியர் மெய்யெழுத்துக்கு அடையாளமாகச் சொன்ன புள்ளி, பாவம், இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

விதி எழுதியவரை மன்னித்துவிடலாம். தமிழ் தெரியாதவராக இருக்கலாம். தெரிந்தவராகவே இருந்தாலும் அட்டவணையை யார் படிக்கிறார்கள்? ஆனால் எந்தக் கட்டம், எந்த விதி என்று சர்வருக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்துகொண்டு வாயை மூடுவதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இதற்கு வழியில்லாமலும் போகவில்லை. பிழையை எப்படிச் சொல்வது என்று இணையப் பொறியியல் செயற்குழு 2016-இல் ஒரு முறை வகுத்து, 2023-இல் திருத்தியும் வெளியிட்டது. திருத்திய ஆவணத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது: வயது முழு எண்ணாக இருக்க வேண்டும், நிறம் இன்னின்னவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு குறைகளையும், அவை எந்தெந்தக் கட்டத்தில் என்பதையும் சேர்த்து ஒரே பதிலில் சொல்லிவிடுகிறார்கள். ஒன்றைத் திருத்திக்கொண்டு வந்த பிறகு அடுத்ததைச் சொல்கிற தாலுகா ஆபீஸ் தந்திரம் அங்கே இல்லை.

'விவரம் சொன்னால் திருடனுக்கு உதவும்' என்பார்கள் பிரகஸ்பதிகள். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் அது நியாயம். பெயர் தவறா, சொல் தவறா என்று பிரித்துச் சொல்லக் கூடாதுதான். சர்வரின் குடல், ஈரலையெல்லாம் வெளியே காட்ட வேண்டாம் என்பதும் சரி. ஆனால் 'உங்கள் பெயரில் உள்ள புள்ளியை ஏற்க முடியவில்லை' என்று பெரியப்பாவிடம் சொன்னால் எந்தக் கஜானா கொள்ளை போகும்? 'திரையிலேயே சோதித்துவிடுகிறோமே' என்பது இன்னொரு சாக்கு. திரையில் செய்யும் சோதனையை யாரும் தாண்டிப் போகலாம். முடிவு சொல்வது சர்வர்தான் என்றால், காரணம் சொல்லும் கடமையும் அதற்கே.

வேங்கடராமனின் தகப்பனார் சுந்தரம் ஐயர், வக்கீல் தொழிலுக்கு வருமுன் மனு எழுதிப் பிழைத்தவர். மனுவில் எந்த வரி குறைகிறது என்று சொல்லத்தானே அந்தத் தொழிலுக்குக் கூலி!

தம்பி காரணத்தைக் கண்டுபிடித்தபோது மணி ஐந்தே முக்கால். பதிவு ஐந்து மணிக்கே முடிந்துவிட்டது. முடியாதிருந்தாலும், புள்ளியும் காலும் இல்லாத பெயர் பெரியப்பாவுக்கு இல்லை. அவர் காகிதங்களை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் அந்தத் தளத்தின் புகார்ப் பக்கத்தில் தமிழில் எழுதி, கீழே என் பெயரையும் போட்டு அனுப்பினேன். ஏதோ தவறு நேர்ந்துவிட்டதாம்.