பதிந்துவிட்டால் அறிவித்ததாகுமா?

“எல்லாம் முகநூலில் போட்டிருக்கிறோமே, பார்க்கவில்லையா?” விளக்கம் கேட்டுச் செல்வோருக்கு இன்று அலுவலகங்கள் தரும் மறுமொழி இது. கேட்டவரையே குற்றவாளியாக்கும் மறுமொழி! ஒரு செய்தியைப் பதிந்து வைப்பது வேறு. அதனை அறிய வேண்டியவருக்கு அறிவிப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்க விரும்புவோர் இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை ஒருமுறை சென்று வரட்டும்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு முதலான சுற்றுச்சூழல் கேடு எதுவுமில்லை என்று துறைமுக நிர்வாகம் முதலில் அறிக்கை விடுத்தது. ஆனால் நடந்ததென்ன? கரிய எண்ணெய்க் குழம்பு கரையெங்கும் வந்து ஒதுங்கிற்று. மீனவர்களும் மாணவர்களும் வாளிகளால் அதனை அள்ளிய காட்சி கைபேசிகள் வழியே நாடெங்கும் பரவிற்று. அதற்குப் பின் அந்த முதல் அறிக்கையை நம்புவார் எவருமில்லை.

ஆறாண்டுகள் கழிந்தன. பாடம் கற்றார்களா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படர்ந்தது. தன் குழாய்களில் கசிவில்லை என்றது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். எண்ணெய் கலந்த வெள்ளநீர் அதன் வளாகத்திலிருந்தே வெளியேறியதை மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. அக்கறை அகலுமுன்னரே, டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தருகே இன்னொரு கொடுமை. கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டு செல்லும் கடலடிக் குழாய் கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமே மக்களை உறக்கத்திலிருந்து எழுப்பின. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாத அம்மோனியா 49 மில்லிகிராம் இருந்ததென வாரியமே தெரிவித்தது. எச்சரிக்கை எதுவும் தங்களை எட்டவில்லை என்பது அம்மக்களின் முறையீடு.

அறிவிப்பது ஆலையின் பெருந்தன்மையைப் பொறுத்த காரியமன்று. சட்டம் விதித்த கடமை. 1984-இல் போபாலில் நிகழ்ந்த நச்சுவாயுக் கொடுமைக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயத்தின் தன்மையையும் தற்காப்பு முறைகளையும் தொழிலாளருக்கு மட்டுமன்றிச் சுற்றுப்புறத்துப் பொதுமக்களுக்கும் தெரிவித்தாக வேண்டும் என்றது அத்திருத்தம். அபாயகரமான வேதிப்பொருள்கள் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகளும் இதனையே வலியுறுத்துகின்றன. நடுநிசியில் உறங்குகின்றவன் முகநூலைப் பார்த்துக்கொண்டா படுத்திருப்பான்? வேலைநேரத்தை அறிவிக்கச் சங்கு ஊதத் தெரிந்த ஆலை உலகத்திற்கு, உயிருக்கு ஆபத்து என்று அறிவிக்க மட்டும் சங்கு இல்லாது போயிற்றா?

“சமூக ஊடகமே வதந்தியின் விளைநிலம், அதனை ஒடுக்குங்கள்” என்பாரும் உளர். வதந்தியின் கொடுமையை நாம் மறுக்கவில்லை. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பொய்கள் சுற்றிக்கொண்டிருந்த வேளையில், எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒரு மனிதரைக் கூட்டம் அடித்தே கொன்றது. 2020-இல் கொரோனாவைப் பரப்பியோர் முஸ்லிம்களே என்ற பழி எத்துணை விரைவாகப் பரவிற்று என்பதை நம் வீடுகள் மறந்துவிடவில்லை. எனினும், பொய்யை வெல்லும் வழி மக்களின் வாயை அடைப்பதன்று. மெய்யை முந்திக்கொண்டு சொல்வதேயாகும். எண்ணூர் மக்களின் கைபேசிகளை ஒடுக்கியிருந்தால் எஞ்சியிருக்கக்கூடியவை “மாசு இல்லை”, “கசிவில்லை” என்ற அறிக்கைகள் மட்டுமே அல்லவா?

அதிகாரத்தைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். செய்தியைத் தீர விசாரித்தே ஏற்க வேண்டும் என்பது திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பித்த ஒழுங்கு. வந்ததை வந்தவாறே பத்துப் பேருக்குத் தள்ளிவிடும் விரலுக்கு அதிலிருந்து விலக்கு உண்டா? குழுவில் கணக்கைப் போட்டுவிட்டோம், மஹல்லாவுக்கு அறிவித்தாயிற்று என எண்ணும் ஜமாஅத் நிர்வாகிகள், கைபேசி இல்லாத விதவைத் தாயை நினைத்துப் பார்த்ததுண்டா? மய்யித்து வீட்டிற்கு நேரில் சென்று ஆறுதல் கூற வேண்டியவர், ஒரு வரி துஆவைக் கைபேசியில் தட்டிவிட்டுக் கடமை முடிந்தது என அமர்ந்துவிடுகிறார். அலுவலகம் நமக்குச் செய்வதை நாம் நம்மவர்க்கே செய்கிறோம்!

ஆகவே நாம் வேண்டுவது இதுவே: குப்பந்தோறும் அபாயச் சங்கு நிறுவப்படட்டும். எந்தச் சங்கொலிக்கு எத்திசையில் செல்வது என்பது தமிழில் எழுதி ஒட்டப்படட்டும். ஆண்டுதோறும் ஒத்திகை நடக்கட்டும். பள்ளிவாசல், தேவாலயம், கோயில் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகளும் அந்த ஏற்பாட்டில் சேர்க்கப்படட்டும். முறையீடு கொண்டு வருபவருக்குப் பெயரும் தேதியும் இட்ட எழுத்துமூலமான பதில் கிடைக்கட்டும். இவற்றைச் செய்த பின்னர் முகநூலிலும் பதியட்டும்; வேண்டாம் என்று யார் சொன்னார்? செய்தி அனுப்பியவரின் கடமை அனுப்பியதோடு முடிவதில்லை. அது உரியவரைச் சென்று சேர்ந்த பின்னரே முடிகிறது.