சுவர் விரிசலும் வீட்டின் விலையும்

வாடகை வருமானத்துக்காகப் பழைய தனி வீடு ஒன்றை வாங்க நினைப்பவர்கள் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று ஒன்றுவிடாமல் வக்கீலிடம் காட்டி உறுதி செய்துகொள்கிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் அதே வீட்டின் சுவரில் ஓடும் விரிசலைப் பற்றிக் கேட்டால், "பழைய வீடுன்னா அப்படித்தான் இருக்கும், பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சா சரியாயிடும்" என்ற தரகரின் பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், சின்னக் கீறலைக் கண்டே பயந்து நல்ல வீட்டைக் கைவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே நஷ்டம். அது எந்த வகை விரிசல், எதனால் வந்தது, இன்னும் நகர்கிறதா என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் விலையைப் பேச வேண்டும்.

முதலில் பயப்பட வேண்டாதவை. பூச்சின் மேல் வலைபோலப் பரவும் மெல்லிய கீறல்கள், சிமென்ட் காயும்போது சுருங்குவதால் வருபவை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக ஓடும் விரிசல், இரண்டு பொருள்களும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருகிறது. மேல்மாடியில் கூரைக்குச் சற்றுக் கீழே படுக்கைவாக்கில் போவது, பெரும்பாலும் மொட்டை மாடி தளம் வெயிலில் விரிவதன் விளைவு. இவற்றுக்குச் செலவு உண்டு. அஸ்திவாரத்தோடு சம்பந்தம் இல்லை.

அஸ்திவாரம் சமமில்லாமல் இறங்கினால் வரும் விரிசலின் போக்கு வேறு. ஜன்னல், வாசல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும். செங்கல் இணைப்புகளைப் பின்பற்றிப் படிக்கட்டுபோல ஏறும். பூச்சோடு நிற்காமல் செங்கலுக்குள் புகுந்து சுவரின் மறுபக்கத்திலும் தெரியும். ஒரு முனை அகன்றும் மறு முனை குறுகியும் இருக்கும். மேலே அகன்றிருந்தால் வீட்டின் ஓரமோ மூலையோ இறங்குகிறது என்றும், கீழே அகன்றிருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். கூடவே கதவு நிலையில் உரசும், தரை ஒரு பக்கம் சரியும். இந்த அடையாளங்கள் இரண்டு மூன்று சேர்ந்து தென்பட்டால் விலைப் பேச்சை அங்கேயே நிறுத்திவைப்பது நல்லது.

காரணம் பெரும்பாலும் மண்ணில் இருக்கிறது. கோவை, விருதுநகர், தூத்துக்குடி வட்டாரங்களின் கரிசல் மண்ணும், சென்னையின் பல பகுதிகளில் உள்ள களிமண்ணும் மழையில் ஊறி உப்பும். கோடையில் காய்ந்து சுருங்கி வெடிக்கும். ஆழம் குறைந்த அஸ்திவாரம் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. வீடு முழுவதும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் சேதம் குறைவு; ஒரு பக்கம் மட்டும் அசையும்போது சுவர் பிளக்கிறது. கரிசல் மண்ணில் ஈர மாற்றம் சுமார் 3.5 மீட்டர் ஆழம் வரை எட்டும். அதற்கும் கீழே இறங்கி, அடியில் குமிழ்போல அகலும் பைல் அஸ்திவாரத்தை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது இந்தச் சிக்கலுக்காகத்தான். பழைய வீடுகள் பலவற்றில் அது இருக்காது.

மண்ணைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. கழிவுநீர்க் குழாயோ சம்ப்போ கசிந்து ஒரு மூலையில் மட்டும் மண் இளகலாம். சுவரை ஒட்டிய பெரிய மரம் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சலாம். பக்கத்து மனையில் அடித்தளத்துக்காக ஆழமாகத் தோண்டியிருக்கலாம். குளத்தையோ பள்ளத்தையோ நிரப்பிய மனையாக இருக்கலாம். தரைத்தளத்துக்கு மட்டும் போட்ட அஸ்திவாரத்தின் மேல் பிறகு மாடி எழுப்பியிருக்கலாம். கசியும் குழாய்தான் காரணம் என்றால் அதை மாற்றினால் பெரும்பாலும் தீரும். மாடியின் பாரம் காரணம் என்றால் அஸ்திவாரத்தையே வலுப்படுத்த வேண்டும். வெளியே ஒரே மாதிரி தெரியும் இரண்டு விரிசல்களுக்கு இடையே செலவில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

அகலம் ஓரளவுக்கு வழிகாட்டும். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுகோலின்படி, 5 மில்லிமீட்டர் வரையுள்ள விரிசலைப் பெரும்பாலும் அடைத்துச் சரிசெய்துவிடலாம். 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் சுவரின் சில பகுதிகளை இடித்துக் கட்ட வேண்டிவரும். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் வந்து நின்றுபோன 6 மில்லிமீட்டர் விரிசலைவிட, இன்று வளர்ந்துகொண்டிருக்கும் 2 மில்லிமீட்டர் விரிசல் கவலைக்குரியது. அதைக் கண்டுபிடிக்க, விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்துப் பதித்துத் தேதி எழுதுவார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில், உரிமையாளரின் சம்மதத்தோடு இதைச் செய்யலாம். ஆனால் களிமண் பகுதியில் கண்ணாடி உடையாதது மட்டும் போதாது. கோடையில் பார்த்த வீட்டை வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அலமாரிக்குள்ளும், மாடிப்படிக்கு அடியிலும், வீட்டின் பின்பக்கச் சுவரிலும் பாருங்கள். அங்கே பெரும்பாலும் பட்டி போயிருக்காது.

வாங்கிய பிறகு சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்தால் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தனிநபரிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலே தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு அது பொருந்தாது. கண்முன் இருக்கும் விரிசல் அப்படிப்பட்டதுதான். வங்கி கடன் கொடுத்துவிட்டது என்பதும் அத்தாட்சி ஆகாது. வங்கியின் மதிப்பீட்டாளர் வருவது சொத்தின் விலையைக் கணிக்க, அஸ்திவாரத்தைச் சோதிக்க அல்ல.

எனவே கிரயத்துக்கு முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துச் சென்று, காரணத்தையும் சரிசெய்யும் முறையையும் உத்தேசச் செலவையும் எழுத்தில் வாங்குங்கள். தேவைப்பட்டால் அஸ்திவாரத்தை ஒட்டி ஒரு குழி தோண்டிப் பார்க்கவும், மண்ணைப் பரிசோதிக்கவும் அவர் சொல்வார். இதற்கு ஆகும் பணம் வீட்டு விலையில் மிகச் சிறு பங்கு. அந்தச் செலவுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள். காரணம் தெரியவில்லை என்றாலோ, ஆய்வுக்கு உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றாலோ, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகிவிடுங்கள். உங்களுக்கு அது முதலீடு. ஆனால் அந்தச் சுவருக்குள் குழந்தைகளோடு குடியிருக்கப்போவது வாடகைக்கு வரும் ஒரு குடும்பம்.