ஊரார் கையில் ஊர்ப்பொறுப்பு

கயத்தாற்றுக் கரிசலில் வீசும் காற்று மின்விசையாகி மாநில மின்வலையிற் கலக்கின்றது. கோவிற்பட்டிக்குக் குடிநீரோ, பொருநையாற்றுச் சீவலப்பேரியிலிருந்து குழாய்வழி வரவேண்டியுள்ளது. இவ்விரண்டிலும் ஊராரின் சொல்லுக்கு இடம் யாது? மின்வாரியம் 1957இலும் குடிநீர் வடிகால் வாரியம் 1971இலும் அமைந்தன. அதிகாரம் சென்னையில் குவிந்தது. 1992ஆம் ஆண்டின் 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் குடிநீரையும் தெருவிளக்கையும் நகராட்சிப் பணிகளாகக் குறித்தும், அவற்றை ஒப்படைப்பதை மாநிலங்களின் விருப்பத்திற்கே விட்டது.

அமெரிக்காவில் ஒரு பகுதியின் உடைமையாளர் தமக்குள் தனிவரி தந்து, குழாயையும் விளக்கையும் திருத்திக்கொள்ளும் மேம்பாட்டு வட்டங்கள் உள. இது தமிழர்க்குப் புதிதன்று. குடவோலையால் ஏரி வாரியம் தேர்ந்த முறையை உத்தரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் காட்டும். ஆயின் அங்கு நிலமும் மறைப்பயிற்சியும் உடையார்க்கே இடமிருந்தது. அமெரிக்க வட்டங்களிலும் உடைமைக்கே முதன்மை. உடையார் தெரு ஒளிர, இல்லார் தெரு இருளும் அக்குறை இங்கு வேண்டா.

கடைத்தெரு முதல் சேரிவரை ஒரே வாரியம் அமைக. உடையார் மிகுதியும், இல்லார் இயன்றதும், காற்றாலை உரிமையாளர் உரிய பங்கும் தருக. வரவுசெலவு ஊர்மன்றில் தமிழிற் படிக்கப்படுக. அதற்குரிய சட்டத்தைத் தமிழக அரசு இயற்றுக.

வெள்ளையர்க்குத் திறைதர மறுத்த கட்டபொம்மன் 1799இல் தூக்கிலேறிய மண் கயத்தாறு. அயலார்க்குத் திறை மறுத்தல் ஒரு கடமை. தம் ஊர்க்குத் தாமே வரி தந்து, அதனைத் தாமே ஆளுதல் அடுத்த கடமை.