துண்டுக்கு ஒரு பெயர்

புலம்பெயர்ந்த நம் வீடுகளின் அலுமாரிகளில் ஒலிநாடாக்கள் இன்னும் கிடக்கின்றன. கோயில் திருவிழா மேளக்கச்சேரி, வில்லுப்பாட்டு, கடிதத்துக்குப் பதிலாகத் தாய் பேசி அனுப்பிய குரல் என எத்தனையோ அவற்றுள் உறங்குகின்றன. பிலிப்ஸ் நிறுவனம் இந்நாடாவை அறிமுகம் செய்தது 1963இல். அதன் காந்தப் பூச்சு நிலையானதன்று. ஆதலால் பலர் அவற்றைக் கணினிக்கு மாற்ற முனைந்திருப்பது வரவேற்கத்தக்கதே. எனினும், மாற்றியதைப் பேணும் முறையிலேதான் இடறல் நேர்கிறது.

கருவிக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000இல் வெளியான ஒடாசிற்றி என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நாடாவின் ஒரு பக்கத்தை இடைநிறுத்தாது பதிவு செய்க. செக்கனுக்கு 44,100 மாதிரிகள், 16 பிற் என்னும் அளவு போதுமானது. மனிதச் செவிக்கு எட்டும் ஒலி அதற்குள் அடங்கும். ஸ்ரீரியோ ஒலியாயின் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைற் இடம் பிடிக்கும். இடத்தை மிச்சம் பிடிக்க எண்ணி எம்.பி.3 ஆக மட்டும் சேமித்தால், ஒலியின் ஒரு பகுதியை என்றென்றைக்குமாக இழப்போம். மூலத்தை வேவ் கோப்பாக வைத்துக்கொண்டு, உறவினருக்கு அனுப்புவதற்கு மாத்திரம் எம்.பி.3 பிரதி எடுக்கலாம்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். இசைத் தயாரிப்பு மென்பொருளுக்குள் ஒரு கோப்பை உள்வாங்கும்போது, திரையில் தோன்றும் ஒலித்துண்டு பெரும்பாலும் ஒலியன்று. ஒலி எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்பு மாத்திரமே. நூலகத்தின் அட்டவணைச் சீட்டைப் போன்றது அது. நூலை வேறோர் அறைக்கு மாற்றிவிட்டால் சீட்டு என்ன செய்யும்? றீப்பர், ஏபிள்ரன் லைவ் முதலியவை இயல்பாக இவ்வாறே இயங்குகின்றன. மருமகன் கொண்டுவந்த யூ.எஸ்.பி. ஸ்ரிக்கிலிருந்து நேரே உள்வாங்கிவிட்டு அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டால், மறுநாள் துண்டு இருக்கும், குரல் இராது. ஒடாசிற்றியிலோ, 2021இல் வந்த 3.0 பதிப்பு முதல் ஒலி திட்டக்கோப்பினுள்ளேயே அடங்குகிறது. அதற்கு முந்திய பதிப்புகளில் திட்டக்கோப்பும் அதன் தரவுக் கோப்புறையும் பிரிந்தால் செய்த வேலை பாழாகும்.

எனவே முதலில் ஒலிக்கோப்பை உங்கள் கணினியில் அதற்கென அமைத்த கோப்புறைக்குள் பிரதி செய்க. பின்னர் அங்கிருந்து உள்வாங்குக. திட்டத்தையும் அங்கேயே சேமிக்க. ஏபிள்ரன் லைவில், சிதறிய கோப்புகள் யாவற்றையும் திரட்டிச் சேமிக்கும் கட்டளையும் உண்டு. நீண்ட பதிவைப் பாட்டுக்கொன்றாக வெட்டும்போது மூலத்தைத் தொடாது, பிரதியையே வெட்டுக. முடிவில் யாவற்றுக்கும் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைத்திருங்கள்.

எல்லாவற்றிலும் மேலானது பெயரிடுதல். 'புதிய பதிவு 7' என்பது பெயரன்று. '1987 சுன்னாகம் அம்மம்மா தாலாட்டு' என்பதே பெயர். ஆண்டு, ஊர், குரலுக்குரியவர், பொருள் ஆகிய நான்கும் அதில் இருத்தல் வேண்டும். அக்குரல் யாருடையது என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்று நம்மிடையே இருக்கின்றனர். அவர்களை அருகில் இருத்தி, கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மென்பொருள் இரைச்சலைக் குறைக்கும், நீளத்தை வெட்டும், பாடியவர் யார் என்பதை மட்டும் அது அறியாது. பெயரில்லாத குரல், நாளை பேரப்பிள்ளைக்கு யாரோ ஒரு மூதாட்டியின் பாட்டாகிவிடும்.