வெளிச்சத்தைக் குறையுங்கள், விண்கலம் பெரிதாகும்

பிளாஸ்டிக் விண்கல மாதிரிகளுக்குள் எல்இடி பொருத்துவோர் பெருகிவருகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் பல மாதிரிகளில் ஒளி கண்ணைக் கூசவைக்கிறது. கலம் பொம்மையாகச் சுருங்கிவிடுகிறது. விளக்கை அடக்கத் தெரிந்தால்தான் இந்தக் கலை கைகூடும் என்பது என் உறுதியான கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தின் என்டர்பிரைஸ் கலத்தை நான் 1:350 அளவில் செய்கிறேன். அதில் 175 செ.மீ. உயர மனிதர் 5 மி.மீ. ஆகிவிடுவார். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எல்இடியின் விட்டமும் 5 மி.மீ.தான். ஆள் உயர விளக்கை முழு வீச்சில் எரியவிட்டால் அந்த அறையில் மனிதர் இருப்பதாக யார் நம்புவார்கள்?

9 வோல்ட் பேட்டரியில் 3 வோல்ட் வெள்ளை எல்இடியை 20 மில்லி ஆம்பியரில் எரிக்க 300 ஓம் ரெசிஸ்டர் போதும். பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். நான் 2,000, 3,000 ஓம் என ஏற்றிக்கொண்டே போவேன். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது ஜன்னல்களின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் அதுவே சரியான அளவு.

அதற்கும் முன்னால் இருட்டைத் தயார்செய்ய வேண்டும். மெல்லிய பாலிஸ்டைரீன் சுவர் வழியே ஒளி கசியும். உட்புறம் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை பூசுங்கள். கறுப்பு கசிவைத் தடுக்கும். வெள்ளை ஒளியைச் சீராகப் பரப்பும். ஒட்டி மூடிவிட்டால் உள்ளே கை வைக்க முடியாது. அதனால் ஒட்டும் முன்பே எல்லா விளக்குகளையும் எரியவிட்டுப் பாருங்கள்.

‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடருக்காக 1964இல் செய்த 11 அடி என்டர்பிரைஸில் முதலில் உள்விளக்கே இல்லை. பிறகு பொருத்தியபோது கம்பிகள் இடப்பக்கமாக வெளியே வந்ததால் வலப்பக்கத்தை மட்டுமே படம்பிடித்தார்கள். இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த மாதிரிக்கு, 2016இல் முடிந்த சீரமைப்பில் எல்இடி வந்துவிட்டது.

எனக்குப் பாடமாக அமைந்தது 1979இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ திரைப்படம். அருகில் சூரியன் இல்லாத வெளியில் கலத்துக்கு எங்கிருந்து ஒளி வரும்? அதன் சிறப்புக் காட்சிகளை உருவாக்கிய டக்ளஸ் டிரம்புல் குழுவினர் கலத்தின் விளக்குகளையே அதன் உடல்மீது பாய்ச்சினார்கள். பெயர் எழுதிய இடத்தில் கொஞ்சம் ஒளி, சுற்றிலும் நிழல். திரையில் அந்தக் கலம் அவ்வளவு பிரம்மாண்டமாகத் தெரிந்ததற்கு அந்த நிழலே காரணம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கறுப்புப் பெயிண்டும் பல மதிப்புகளில் ரெசிஸ்டர்களும் வாங்குங்கள். எல்இடியை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம்.