நாளாந்தக் காருக்கு டர்போ வேண்டுமா?

கல்லூரியை விட்டு உத்தியோகம் ஏற்ற இளைஞர் சிலர், தமது காருக்கு டர்போ பூட்டுதல் நன்றோ என வினவுகின்றனர். நாளாந்தம் தொழிலுக்குச் செல்லும் காருக்கு அது வேண்டாம் என்பதே எமது துணிபு.

டர்போ, வெளியேறும் புகையின் விசையாற் சுழன்று, காற்றை நெருக்கி என்ஜினுட் செலுத்துவது. காற்று மிகின் பெற்றோலும் மிக எரியும், வலுவும் பெருகும். ஆயின், நெருக்குண்ட காற்றுச் சூடேறும். அளவு கடப்பின், தீச்சுவாலை எட்டுமுன்னரே பெற்றோல் தானாக வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கும்.

1962இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் இதற்குச் சான்று. 10.25 மடங்கு அமுக்கமுடைய அதன் என்ஜினுக்கு டர்போ பூட்டியோர், வெடிப்பைத் தடுக்க நீரும் மெதனோலும் கலந்த திரவத்தை உட்செலுத்தினர். உரிமையாளர் பலர் அத்திரவத்தை நிரப்பத் தவறினர். 1963உடன் அவ்வண்டி நின்றது. தொழிற்சாலை பூட்டியதற்கே இக்கதியெனின், பட்டறையிற் பூட்டுவது எம்மாத்திரம்!

இக்காலத்து டர்போக் கார்கள் நன்கு உழைக்கின்றனவே எனலாம். உண்மையே, அவற்றின் பிஸ்டன், குளிரூட்டும் அமைப்பு, எரிபொருட் கட்டுப்பாடு யாவும் அதற்கெனவே வகுக்கப்பட்டவை.

மேலும், கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை ஏறுதற்கு மலை யாதுளது? சட்டம் விதித்த வேகமோ ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. வாவிக்கும் கடலுக்கும் இடையே உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்கு முதலில் வேண்டுவது துருப்பிடியாத பிறேக்கும் நல்ல டயருமே. வலுவே வேண்டுவோர், ஆலையிலேயே டர்போ பூட்டிய காரை வாங்குக. ஏனையோர் அப்பணத்தைப் பராமரிப்பிற்கு ஈக.